ஜெபமாலை சாரும் வளவளாவும்

போன மாதம் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் போட்டுப் போகிறார்களே, அந்தப் பேச்சைப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழில். எங்கள் ஒலிபெருக்கித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்றார்.

"எவ்ளோ வேணா எழுதுங்கக்கா. பக்கம் நெறைய இருக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு சொல் அதிகமானால்கூட வெட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் என்கிறார். பிறகு அவர் தன் போனில் ஒரு விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். பாத்திரக் கடை விளம்பரம். வணக்கம் முடிவதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

"எப்டிக்கா?"

"நல்லாத்தான் இருக்குது தம்பி. கொஞ்சம் வளவளாவா இருக்குது."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எது வளவளா, எது வேணுங்கிற பேச்சு? எங்கக்கா வெட்றது?"

எனக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே கூச்சம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் கேட்ட கேள்விக்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கோலியனூர்க்காரி. பத்தாவது பாஸ். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. பக்கத்தில் இருப்பவள்தான், "இருக்கா சார்" என்பாள். அப்படிப்பட்டவள் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தேன் என்றால் என் சொந்தக்காரர்களே முதலில் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் திண்டிவனம், விழுப்புரம் இரண்டு பேருந்து நிலையங்களிலும் அறிவிப்பு ஒலிபரப்பை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். கடைக்காரர்களின் விளம்பரம்தான் அவருக்கு வருமானம். விளம்பரத்துக்கு நடுவில் பேருந்து புறப்படும் அறிவிப்பு, காணாமல் போனவர் அறிவிப்பு, தவறவிட்ட பை அறிவிப்பு எல்லாம் நாங்கள் சொல்லவேண்டும். 1993இல் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று எங்கள் மாமா அழைத்துப்போனார். இரண்டு இடத்திலும் ஒலிபரப்புக்குப் பொறுப்பாளர்தான் ஜெபமாலை சார்.

அவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமா, "படிம்மா, படிம்மா" என்று என் தோளை இடிக்கிறார். ஜெபமாலை சார் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப படி" என்றார் சுவரிடம்.

படித்தேன். "நாளைக்கு வா" என்றார், அதையும் சுவரிடமே.

முதல் வருடம் திண்டிவனம். செஞ்சி, மரக்காணம், வந்தவாசி என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டது. பிறகு விழுப்புரம். டீக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. உள்ளே ஆம்ப்ளிஃபயர், மைக், இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஜன்னல் கண்ணாடியில் பழைய சுவரொட்டி பாதி ஒட்டியிருந்தது. அதை நான் கிழிக்கவே இல்லை. அதற்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று கீழே யாருக்கும் தெரியாது. என் குரல் மட்டும் ஊர் முழுக்கத் தெரியும். காய்கறிக் கடையில் நின்று, "கால் கிலோ தக்காளி" என்றால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சேலம் வண்டி எத்தினியாவது நடைமேடைம்மா?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

ஜெபமாலை சார் அதற்கு முன்னால் பல வருடம் மாதா கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்டவர். தேர் பவனிக்கு முன்னால் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே ஒரு பக்கத் தோள் சற்று இறங்கியிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் கொண்டுபோன சோற்றில் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு" என்பார். உப்பு கம்மி என்று அர்த்தம். நன்றாக இருந்தால் அதுவும் சொல்லமாட்டார்.

அறிவிப்பில் அவர் முறை இதுதான். ஊர்ப் பெயர் முதலில் வரவேண்டும். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், நமக்கில்லை என்று நினைத்து மனிதன் பீடி பற்றவைக்கப் போய்விடுவான். "திருவண்ணாமலை" என்று ஆரம்பித்தால் திருவண்ணாமலைக்காரன் மட்டும் திரும்பிப் பார்ப்பான். பார்த்த பிறகு நடைமேடையைச் சொல்ல வேண்டும். கடைசியில் மறுபடி ஊர்ப் பெயர். அவ்வளவுதான். சொல்வதற்கு முன் ஜன்னல் வழியாகக் கீழே ஒரு பார்வை பார்க்கவேண்டும். ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி உள்ளே வந்தால் காத்திருக்கவேண்டும்.

"ரெண்டு ஹாரனுக்கு நடுவுல எவ்ளோ பூருமோ அவ்ளோதான் நம்ம பேச்சு" என்பார்.

மைக்கைச் சோதிக்க நான் முதல் நாள், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினார். மைக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாலே போதுமாம். 'ஹலோ'வே வளவளாவாம். அந்தக் கத்தரிக்கோல் விரல்தான் அவருடைய திட்டு, பாராட்டு எல்லாமே. ஆட்டாமல் இருந்தால் பாராட்டு.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அவர் வாயைக் கிளறினேன். "ஏன் சார், ஜவ்வுன்னும் சொல்றீங்க, அறுவைன்னும் சொல்றீங்க, வளவளான்னும் சொல்றீங்க. எல்லாம் ஒன்னுதான?"

"இல்ல. ஒரே விசயத்த இழுத்தா ஜவ்வு. கேக்கறவனுக்குத் தூக்கம் வந்தா அறுவை. வேணுங்கிறதும் வேணாங்கிறதும் ஒன்னா வந்து வுழுந்தா வளவளா. மொத ரெண்ட தூக்கிப் போட்ரலாம். வளவளாவுல உள்ள சரக்கு இருக்கும். தேடணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. டீ ஆறிப்போய்விட்டது என்று அவரே பிறகு வருத்தப்பட்டார்.

விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள்தான் பெரிய பேஜாரு. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் எழுதிக்கொண்டு வந்தார்: 'நாவிற்கு ருசியான, சுவையான, மணமணக்கும் அறுசுவை உணவு.'

"மூணும் ஒன்னுதான?" என்றார் சார்.

"மூணும் போட்டாத்தான் சார் கெத்தா இருக்கும்."

"சோறு சூடா இருக்குமா?"

"இருக்கும் சார்."

'சூடான சாப்பாடு' என்று எழுதிக் கடை இருக்கும் இடத்தையும் எழுதி என்னிடம் தள்ளினார். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் மாடியேறி ஓடிவந்தார். "சார், அறுசுவைன்னே போட்ருங்க சார். சூடா இல்லன்னு வந்தவங்கல்லாம் சண்டைக்கு நிக்கிறாங்க!" சார் விரலை ஆட்டினார். கடைக்காரர் போய் ஒரு பெரிய அடுப்பு வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

காணாமல் போனவர் அறிவிப்புக்குப் பெயர், ஊர், உடை, எங்கே வரவேண்டும் என்ற நான்கும் போதும். ஆனால் அந்த நான்கை வாங்குவது லேசில்லை. ஒரு தடவை மனைவியைக் காணோம் என்று ஒருவர் வந்தார்.

"பேரு?" என்றார் சார்.

"அது வந்து சார், திருவாமாத்தூர் கோயிலுக்கு வந்தோம். அர்ச்சன பண்ணிட்டு, தேங்கா மூடிய வாங்கிக்கினு..."

"பேரு."

"என் பேரா, அவ பேரா?"

"காணாமப் போனவங்க பேரு."

"வூட்ல ஒன்னு கூப்புடுவோம், ரேஷன் கார்டுல ஒன்னு இருக்குது சார்."

"சரி, பொடவ இன்னா கலரு?"

"அது நான் எடுத்துக் குடுத்தது இல்ல சார். அவங்க அம்மா வூட்ல எடுத்தாங்க. அதுல ஒரு சண்ட..."

அப்போது ஓர் அம்மா மாடியேறி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "ஒருத்தரக் காணம்மா. நீல சட்ட, வழுக்க. பேசிக்கினே நிப்பாரு" என்றார்.

மனிதர் திரும்பிப் பார்த்தார். அவரும் நீலச் சட்டை, வழுக்கை. அந்த அம்மா அவரை இழுத்துக்கொண்டு போன பிறகும், "இந்தம்மாவ வேலைக்கு வெச்சிக்கலாம்" என்று சார் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்த ஓமந்தூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாள். கோடை வெயில். மத்தியானம் சாய்ந்த நேரத்தில் ஒருவர் மாடியேறி வந்தார். காலில் செருப்பில்லை. வேட்டியில் சேறு காய்ந்திருந்தது. தோளில் துண்டு. பெயர் கன்னியப்பன், ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. மகள் அமுதா திண்டிவனத்தில் படிக்கிறாள். முடிவு பார்த்து வருகிறேன் என்று காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் திரும்பவில்லை. கணக்கில் தேறவில்லை என்று உடன் படிக்கிற பெண்கள் சொன்னார்கள். விழுப்புரத்தில் அவளை இறக்கிவிட்டதாக ஒரு கண்டக்டர் சொன்னாராம். உடனே இவர் இங்கே வந்துவிட்டார்.

இதை நான் நாலைந்து வரியில் எழுதிவிட்டேன். அவர் சொன்னது இப்படி இல்லை. வயது என்ன என்று கேட்டால், அவள் பிறந்த வருடம் பெய்த மழையில் ஆரம்பித்தார். என்ன உடை என்று கேட்டால், அந்தத் துணி எடுத்த கடையில் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் பையைப் பற்றிச் சொன்னார். ஆனால் பேசும்போது அவர் கை துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தது. நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி.

சார் ஒருவழியாக நான்கையும் பிரித்தெடுத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் மைக்கைப் போட்டேன்.

"ஓமந்தூர் அமுதா. ஓமந்தூர் அமுதா. உங்கள் தந்தை ஒலிபரப்பு அறையில் காத்திருக்கிறார். உடனே வரவும். ஓமந்தூர் அமுதா."

யாரும் வரவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஒரே கூட்டம். திருச்சி வண்டி, சேலம் வண்டி, கடலூர் வண்டி என்று எல்லாம் நின்றன. அதில் எதில் வேண்டுமானாலும் ஒரு பெண் ஏறிப் போய்விடலாம். போய்விட்டால் அதன் பிறகு எந்த மைக்கில் கூப்பிடுவது? மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சேத்து சொல்லும்மா" என்றார் கன்னியப்பன். "அவளுக்கு இப்டி சொன்னா பத்தாது. வூட்ல நான் எதுனா பேசிக்கினே இருப்பேன். அவ, 'போதும்ப்பா, வளவளான்னு'ன்னு சொல்லிக்கினே பக்கத்துலயே குந்திக்கினு கேப்பா."

ஜெபமாலை சார் நிமிர்ந்து பார்த்தார். "யாரு, பொண்ணு சொல்லுமா, வளவளான்னு?"

"தெனமும் சொல்லும் சார். எங்கூட்ல எனக்குப் பேரே அதான்."

சார் என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார். 'உடனே வரவும்' என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு எழுந்து, மைக்கை அதன் ஸ்டாண்டோடு தூக்கி, கன்னியப்பன் முன்னால் வைத்தார். வெளியாட்கள் யாரையும் அவர் அந்த மைக்கைத் தொடவிட்டதில்லை.

"பேசு" என்றார்.

"என்னத்த சார் பேசறது?"

"வூட்ல பேசறத. பரீட்ச பத்தி மட்டும் வேணாம்."

நான் சுவிட்சைப் போட்டேன். கன்னியப்பன் மைக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"அமுதா... நாந்தாம்மா. இங்க ஒரு சாரு பேசச் சொல்றாரு. என்னத்த பேசறது... நம்ம கறுப்பாடு இல்ல, அது காத்தால குட்டி போட்டுச்சி. நீ அந்தாண்ட போன, அது இந்தாண்ட போட்டுச்சி. ரெண்டு குட்டி. ஒன்னு ஆத்தா மாதிரியே கறுப்பு. இன்னொன்னு வந்து... இரு, அதுக்கு முன்ன ஒன்னு சொல்லணும். மோட்டாரு காயில் போயிருச்சி. மெக்கானிக்க இட்டாறலாம்னு போனா, அவன் மாமியா வூட்டுக்குப் போயிட்டான். மாமியா வூட்ல ஒரு வாரமா இன்னாடா பண்ற, வெறும் கேப்பக் களிதான போடுவாங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன். களின்ன உடனே நெனப்பு வருது, உங்கம்மா உனக்குன்னு கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கறா. பூன உள்ள பூந்திரும்னு அம்மிக் கொழவிய எடுத்து சட்டி மேல வெச்சிட்டு, 'நீங்க போயி இட்டாங்க'ன்னு சொல்றா. அந்தக் கொழவியத் தூக்குனா கொழம்புச் சட்டி ஒடையுமா இல்லியா, நீயே சொல்லு..."

குழாய்கள் வழியாக இது பேருந்து நிலையம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. நான் வேர்த்து விறுவிறுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் ஆட்கள் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

டைம் கீப்பர் மாடிப்படியில் தடதடவென்று ஏறிவந்தார். ஒவ்வொரு வண்டியும் கிளம்ப அவர்தான் விசில் கொடுக்கவேண்டும். "இன்னா சார் இது? திருச்சி வண்டி நிக்குது, சேலம் வண்டி நிக்குது, ஆட்டுக்குட்டி கத சொல்லிக்கினு இருக்கறீங்க?"

ஜெபமாலை சார் அவரை வாசலிலேயே மடக்கினார். "உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"ரெண்டு இருக்குது. அதுக்கு இன்னா?"

"குந்து" என்று தன் நாற்காலியைக் காட்டினார். டைம் கீப்பர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கன்னியப்பன் பிழிகிற துண்டைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

கன்னியப்பன் இதை எதையும் கவனிக்கவில்லை. "பஸ்ல ஒருத்தன் பலாப்பழத்த மடியில வெச்சிக்கினு பக்கத்துல குந்திக்கினான்மா. முள்ளு குத்துது, கொஞ்சம் அந்தாண்ட வெய்யான்னா, 'எம்மேல குத்தல, உம்மேல எப்டி குத்தும்'ன்றான். உங்க சித்தப்பன் மாதிரியே பேசறான். உங்க சித்தப்பன் பத்தாவத எத்தினி தபா எழுதுனான்னு அவனுக்கே தெரியாது. இன்னா கொறஞ்சி பூட்டான்? மூணு வேளையும் துன்னுட்டு, தென்ன மரத்தடியில தூங்கறான்..."

நான் திடுக்கிட்டு சாரைப் பார்த்தேன். பரீட்சை வேண்டாம் என்று சொல்லியிருந்தோமே! கத்தரிக்கோல் விரல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கீழே பெரிய சிரிப்பு எழுந்தது.

எனக்கு வேறொரு கவலை. இவ்வளவு பேசுகிறவர், தான் எங்கே இருக்கிறார் என்று இன்னும் சொல்லவே இல்லை. முதலில் நான் சொன்னபோது 'ஒலிபரப்பு அறை' என்றேன். ஓமந்தூர்ப் பெண்ணுக்கு ஒலிபரப்பு அறை எங்கே தெரியும்? அவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து மைக்கின் பக்கம் குனிந்தேன். கையில் சீட்டு இல்லை. எழுதாத ஒன்றை நான் அந்த மைக்கில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அமுதா. டீக்கடைக்கு மேலே மாடிப்படி. கதவு திறந்திருக்கிறது."

கீழேயிருந்து ஒரு கண்டக்டர் வாயில் கையைக் குவித்துக் கத்தினார். "யோவ் பெரியவரே! இன்னொரு குட்டி இன்னா கலருய்யா?"

"அதத்தான் சொல்ல வர்றேன்" என்றார் கன்னியப்பன். "ஆனா அதுக்கு முன்ன அந்தக் கெடா யார் வூட்டுதுன்னு தெரியணும். நம்ம கிழக்கால வூட்ல..."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவருகில் ஒரு பெண் வந்து நின்றாள். ரெட்டை ஜடை, கையில் மஞ்சள் பை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"போதும்ப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க. மைக்க நிறுத்து."

மைக் போட்டபடியே இருந்தது. அவள் சொன்னது விழுப்புரம் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது. கீழேயிருந்து விசில் பறந்தது. யாரோ ஹாரனை விடாமல் அமுக்கினார்கள். கன்னியப்பன் அவளைப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். அந்த அறையில் அவர் பேசாமல் இருந்த ஒரே நேரம் அதுதான்.

அமுதாதான் அவர் துண்டை இழுத்தாள். "இன்னொன்னு இன்னா கலருப்பா?"

"செவலைம்மா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நெத்தியில மட்டும் வெள்ள."

அதுவும் மைக்கில் போனது. கீழே கைதட்டினார்கள். நான் சுவிட்சை அணைத்தேன்.

அவள் திருச்சி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். டைம் கீப்பர் மாடியில் உட்கார்ந்துகொண்டதால் வண்டி கிளம்பவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, வண்டி எப்போது எடுப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"திருச்சியில யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்லக்கா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டைம் கீப்பர் போய் டீ வாங்கிவரச் சொன்னார். அவரே காசு கொடுத்தார். கன்னியப்பன் நன்றி சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தாத்தாவுக்கு ஒருவர் உதவி செய்த கதையிலிருந்து அது கிளம்பியது. சார் விரலைக் கத்தரிக்கோலாக்கினார். அமுதா அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கும் இது தெரியாமப் போச்சே" என்றாள்.

வண்டிகள் தாமதமானதற்குக் காண்டிராக்டரிடமிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தார். சார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'ஆள் கிடைத்தது.'

அன்று மாலை மைக்குக்கு உறை போடும்போது சாரிடம் கேட்டேன். "நாம சொன்னதுக்கு ஏன் சார் வரல?"

"உடனே வரவும்னா போலீசு கூப்புட்ற மாதிரி இருக்குது. பயந்த பொண்ணு எப்டி வரும்? அந்த ஆளு பேசனப்போ வூடு அப்டியேதான் இருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்." பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, "கதவு தெறந்திருக்குதுன்னு சொன்ன பாரு" என்றார். விரலை ஆட்டவில்லை.

அதனால் அவர் மாறிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். மறுநாள் ஒரு ஜவுளிக் கடைக்காரர் தன் அப்பா, தாத்தா பெயரோடு எழுதிவந்த விளம்பரத்தில் கடைப் பெயரை மட்டும் சார் விட்டுவைத்தார். ஆனால் காணாமல் போனவர் அறிவிப்புக்கு அன்றிலிருந்து ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "வூட்ல எப்டி கூப்புடுவீங்க?" 'உடனே வரவும்' என்பதை எடுத்துவிட்டோம். கோபித்துக்கொண்டு போனவர், பயந்து போனவர், வயதானவர் என்றால் வீட்டு ஆளையே ஒரு வார்த்தை பேசச் சொல்வோம். சிலர் ஒரு வார்த்தையோடு நிறுத்துவார்கள். சிலர் நிறுத்தமாட்டார்கள். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு பதிவு செய்த குரல் வந்தது. எந்த ஊர், எந்த நடைமேடை என்று மெஷினே சொல்லிவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை. நன்றாகவே சொல்கிறது, ஊர்ப் பெயரை முதலில் சொல்லவும் செய்கிறது. நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது காய்கறிக் கடைக்காரர் என்னிடம் நடைமேடை கேட்பதில்லை. தக்காளி விலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

தம்பி, எங்கே வெட்டுவது என்று கேட்டீர்கள். விதி மாதிரி சொல்ல எனக்கு வராது. சார் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு மத்தியானம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மாடியேறி வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "செவலக் குட்டி" என்றாள். அமுதாவேதான். கணக்கை மறுபடி எழுதித் தேறி, நர்சிங் படித்து, பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாளாம். எங்களுக்கு மல்லாட்டை உருண்டை கொண்டுவந்திருந்தாள். நான் கூச்சத்தில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஜல்தியா ஒன்னு சொல்லணும்" என்றாள். "பாண்டி வண்டி கெளம்பப் போவுது. எங்கப்பா உங்களப் பாக்கணும்னு கூட வந்தாரு. வர்ற வழியில யாரையோ புடிச்சிக்கினு நின்னுட்டாரு. எங்க நிக்கிறாருன்னு தெரியல. கொஞ்சம் கூப்புடுங்களேன்."

நான் சீட்டு எடுத்து எழுதினேன்: 'ஓமந்தூர் கன்னியப்பன். பாண்டி வண்டி புறப்படுகிறது. பேச்சை நிறுத்திவிட்டு வரவும்.'

ஜெபமாலை சார் எட்டிப் பார்த்தார். கத்தரிக்கோல் விரலை நீட்டி, 'பேச்சை நிறுத்திவிட்டு' என்ற இடத்தில் வைத்தார்.

"இத வெட்டு" என்றார். "அவரு நிறுத்தமாட்டாரு. பேசிக்கினே வரட்டும்."